எந்தச் சம்பளத்தை உயர்த்தச் சொல்கிறீர்கள்?

ஏப்ரலில் வரும் இன்க்ரிமென்ட் கடிதத்தின் தொகை ஏப்ரலில் முடிவாவதில்லை. நிதியாண்டுக் கணக்கில் ஓடும் பல தனியார் நிறுவனங்களில், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்பதை ஜனவரி, பிப்ரவரியிலேயே ஒதுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு கேட்டால், மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இன்னொருவர் பங்கிலிருந்து எடுத்துத்தான் தர வேண்டியிருக்கும். டிசம்பரிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

அதற்கு முன் சம்பளச் சீட்டை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டால் நாம் மனதில் வைத்துச் சொல்வது கைக்கு வரும் தொகை; ஹெச்.ஆர். குறித்துக்கொள்வது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சி.டி.சி., அதில் பேசிக் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரூபாய் வரும் என்று தோன்றும். ஆனால் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800 ரூபாய், கிராஜுவிட்டிக்காக ஒதுக்கும் சுமார் 720 ரூபாய் இரண்டும் அந்த 30,000-க்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. கையில் வருவது 25,700-ஐ ஒட்டித்தான். தொழில் வரி தனி. அதனால் தொகையைச் சொல்லும்போதே அது சி.டி.சி.யா, பிடித்தம் போகக் கைக்கு வருவதா என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உயர்வு எந்தத் தலைப்பில் ஏறுகிறது என்பதை யாரும் கேட்பதே இல்லை. அலவன்ஸில் 2,000 ஏறுவதும் பேசிக்கில் 2,000 ஏறுவதும் ஒன்றல்ல. கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை, அதிலும் முக்கியமாக பேசிக்கை வைத்து, ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் 26-ல் 15 பங்கு என்று கணக்கிடப்படுகிறது. பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு பேசிக்கில் ஏறும் 2,000, கழிந்துபோன அந்தப் பத்து வருடங்களுக்கும் சேர்த்து சுமார் 11,500 ரூபாயைக் கூட்டிவிடும்.

சம்பளம் 20,000 சொச்சத்தில் இருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். 20,800 வாங்குபவருக்கு 800 ரூபாய் ஏற்றினால் அவர் வரம்பைத் தாண்டிவிடுகிறார். நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. பங்களிப்பு நின்றுபோகும்; பிறகு வைத்திய வசதியும் போய்விடும். மாதம் 156 ரூபாய் கட்டி, சென்னையில் அயனாவரத்திலோ கே.கே. நகரிலோ உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த 800 ரூபாய் உயர்வே அல்ல, இழப்பு. இந்த நிலையில் இருப்பவர்கள், குடும்பத்துக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்கும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். பெற்றோரையும் சேர்த்து நிறுவனமே பாலிசி எடுத்துத் தருமா என்றும் கேளுங்கள்.

பேசும்போது வாடகை ஏறியதையும் பள்ளிக் கட்டணத்தையும் முன்னால் வைக்காதீர்கள். அவை உண்மையான கஷ்டங்கள்தான். ஆனால் மேனேஜர் தன் மேலதிகாரியிடம் போய் அதைச் சொல்ல முடியாது. அவர் சொல்லக்கூடிய காரணத்தை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: "சார், முன்னாடி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலையை வெளியில ஆடிட்டர் ஆபீஸ்ல கொடுத்துட்டிருந்தோம். ஜூன்லேருந்து நானே போடறேன். ஒரு மாசம்கூட லேட் ஃபீ கட்டல. அதை மனசுல வச்சு என் சி.டி.சி.யை மாசம் 34,000-ஆ மாத்தித் தரணும்." சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். பதில் வருவதற்குள் "இல்லன்னா 32 கொடுத்தாலும் பரவாயில்ல சார்" என்று நீங்களே இறங்கி வராதீர்கள். வேறு இடத்தில் ஆஃபர் இருக்கிறது என்பதை, உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

"இந்த வருஷம் பட்ஜெட் இல்லப்பா" என்று பதில் வரலாம். எப்போது மறுபடி பார்ப்பீர்கள், அதற்குள் நான் எதைச் செய்து காட்ட வேண்டும், அப்போது எவ்வளவு கிடைக்கும் என்று மூன்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். அன்று மாலையே, பேசியதை நாலு வரியில் மெயிலாக அவருக்கு அனுப்புங்கள். ஜூலையில் பார்க்கலாம் என்றவர் ஜூனிலேயே வேறு பிரிவுக்கு மாறிப்போனாலும், புதிதாக வருபவரிடம் காட்ட அந்த மெயில் உங்கள் கையில் இருக்கும்.