மாரிக்காலத்தில் வீட்டுச் செடிகள்

குளிர்காலத்தில் வீட்டினுள்ளே செடிகளைப் பேணும் முறை பற்றி மேனாட்டார் எழுதிய நூல்கள் பல. அவற்றைப் படித்து அவ்வாறே கொழும்பிலும் செய்ய முற்படுவோர் ஏமாற்றமடைவர். இலண்டன் மாநகரில் டிசெம்பர் மாதப் பகல் ஏறக்குறைய எட்டு மணி நேரமாகக் குறுகிவிடும். வெப்பமூட்டிய அறைகளில் காற்று வறண்டு போகும். கொழும்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்த நகரம். இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரமும் இல்லை. இலங்கையில் உறைபனியைக் காண வேண்டுமாயின் நுவரெலியா போன்ற மலைநாட்டுக்கே செல்லுதல் வேண்டும்.

அவ்வாறாயின், கொழும்பில் வளரும் செடிகளுக்குச் சோதனைக் காலமே இல்லையா? உண்டு. அதனைக் கொணர்வது குளிரன்று, மழையே. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும். காற்றில் ஈரம் மிகும். சாடி மண் எளிதில் உலராது. வெயிற் காலத்து வழக்கப்படி நாள்தோறும் நீர் வார்ப்போர் தம்மை அறியாமலே செடிக்குத் தீங்கு செய்கின்றனர்.

வேர்களும் சுவாசிப்பவை. மண் துகள்களுக்கு இடையேயுள்ள வெளிகளில் காற்று இருத்தல் வேண்டும். அவ்வெளிகளை நீர் நிரப்பிவிடின் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே இலைகள் வாடித் தொங்கும். அதனைக் கண்டவர், தாகத்தால் வாடியதெனக் கருதி, மேலும் நீர் வார்ப்பர். செடி மடிவது பெரும்பாலும் இவ்வாறே. விரலை மண்ணுள் இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பார்த்து, அங்கும் உலர்ந்திருந்தால் மட்டும் நீர் வார்ப்பது நல்ல விதி. அந்தூரியம், பன்னம் முதலியன சற்று ஈரத்தை விரும்பும். மருள் இனச் செடிகளோ பல நாள் நீரின்றியும் தாங்கும். தோட்ட மண்ணுடன் தும்புச்சோறும் சிறிது மணலும் கலந்தால் நீர் தேங்காது வடியும்.

அடுத்தது ஒளி. டிசெம்பர் மாதத்திற் கதிரவன் தென்திசை சாய்ந்து செல்வதால் தெற்கு நோக்கிய சாளரங்களில் வெயில் உட்புகும். ஜூன் மாதத்தில் வடக்குச் சாளரங்களுக்கு அப்பேறு வாய்க்கும். வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் உள்ள வீடுகள் பல வடக்கையோ தெற்கையோ பார்த்தவை. அவ்வீட்டார் பருவத்துக்கேற்பச் சாடிகளை இடம் மாற்றினால் நற்பயன் காண்பர். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களில், முன்வாயில் வழியாக மட்டுமே ஒளி பெறும் வீடுகளில், இரண்டு சாடிகளை முறை மாற்றி ஒரு வாரம் வாசலிலும் ஒரு வாரம் உள்ளேயும் வைக்கலாம். ஒளி குறைந்த நாட்களிற் செடியின் வளர்ச்சியும் குறையும். அப்போது பசளை இடுதல் வீண்.

இவை செடியின் நலம் பற்றியன. மனிதரின் உயிர் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. சாடியின் கீழ்த் தட்டிலே தேங்கும் நீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு முட்டையிடுவதற்கு ஏற்ற இடம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000இற்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு ஆளாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், நுளம்பு பெருக இடமளிப்பதைக் குற்றமாக்கியுள்ளது.

தட்டு நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இந்நுளம்பு நீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டைகளை ஒட்டிவிடுகின்றது. அவை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும் அழிவதில்லை. மீண்டும் நீர் பட்டவுடன் குடம்பிகள் வெளிவரும். முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையே செல்லும். ஆதலால் வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்; தட்டில் மணல் நிரப்பி வைப்பதும் ஒரு வழி. தொடர்மாடி வீடுகளில் போத்தல் நீரில் மணிப்பிளான்ட் வளர்ப்போர் போத்தலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுவாராக; அல்லது கொடியை மண்ணுக்கே மாற்றுவாராக.

வீட்டினுள்ளே ஒரு பசுந்தளிர் நிற்பது கண்ணுக்குக் குளிர்ச்சி, மனத்துக்கு ஆறுதல். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, இலைத் தூசியைத் துடைத்து, தட்டைத் தேய்த்து வைப்பதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் செடியைக் காப்பதோடு, அவ்வீட்டுக் குழந்தையையும் அயல்வீட்டுக் குழந்தையையும் நோயினின்று காக்கும்.