கை உயர்த்தி நிற்கும் கற்கள்

போஸ்னியாவுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மோஸ்தார் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1566-ல் ஒட்டோமான்கள் காலத்தில் கட்டப்பட்டு, 1993-ல் போரில் சிதைந்து, 2004-ல் பழையபடியே எழுந்த பாலம் அது. அவசியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கிருந்து தெற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில், ஸ்டோலாட்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ராதிம்லியா இருக்கிறது. ஐரோப்பாவின் இடைக்காலக் கல்வேலையை நேருக்கு நேர் நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது என்பேன். பெரிய தேவாலயங்களில் சிற்பங்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும். இங்கே அவை உங்கள் இடுப்பளவிலும் மார்பளவிலும் நிற்கின்றன.

சாலையோரத்துப் புல்வெளியில் 133 கல்லறைக் கற்கள். ஊர் மக்கள் இவற்றை ஸ்டெச்சாக் என்கிறார்கள். சில வெறும் பலகைக்கற்கள். சில மூடிய பெட்டி போன்றவை. சிலவற்றின் மேற்பகுதி, இரண்டு பக்கமும் சரிந்த கூரையைப் போலச் செதுக்கப்பட்டிருக்கும். இறந்தவருக்குக் கல்லில் ஒரு வீடு. எல்லாம் சுண்ணாம்புக்கல். ஒவ்வொன்றும் ஒரே பாறையில் வெட்டியது, பெரியவை பல டன் எடை. பாறையை வெட்டி, மாடு பூட்டி இழுத்து வந்தார்கள் என்றும், மலைப்பகுதிகளில் பனி விழும்வரை காத்திருந்து சறுக்குவண்டியில் நகர்த்தினார்கள் என்றும் சொல்கிறார்கள்.

ராதிம்லியாவைப் பேர்பெற வைத்தது ஓர் ஆண் உருவம். இடுப்பில் கச்சை, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் மடிப்பு ஆடை, பக்கத்தில் வில்லும் அம்பும். வலது கை மேலே உயர்ந்திருக்கிறது. விரல்கள் விரிந்த அந்த உள்ளங்கை, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. கல்தச்சருக்கு அளவு தெரியாமல் போயிருக்கும் என்று நினைக்க வழியில்லை. சுற்றிலும் ஓடும் கொடியும் முறுக்குக் கயிறும் நூல் பிடித்ததுபோல் செதுக்கப்பட்டிருக்கின்றன. கையைப் பெரிதாக்கியது தெரிந்தே செய்த வேலை. வருகிறவருக்கு வணக்கமா, சத்தியம் செய்கிற கையா, பிரார்த்தனையா? ஆய்வாளர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். எதிரில் நிற்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கை நம்மைப் பார்த்து உயர்ந்திருக்கிறது.

இங்கே போகிறவர்கள் நேரத்தைப் பார்த்துப் போக வேண்டும். புடைப்பு மிக மெல்லியது. உச்சி வெயிலில் கல் வெளிறிப்போய், திராட்சைக் கொடியும் பிறையும் வட்டப் பூக்களும் கண்ணுக்கே தட்டுப்படாது. காலையில் அல்லது மாலையில், வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு விளிம்பிலும் நிழல் தங்கும். அப்போது கல் முழுக்க உருவங்கள் எழுந்து வரும். கோடையில் இந்தப் பகுதியான ஹெர்சகோவினாவின் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், ஒதுங்க நிழலும் குறைவு. இன்னொன்று: சாம்பல், வெள்ளை, ஆரஞ்சு நிறத்தில் கல்லின்மேல் படர்ந்திருக்கும் கற்பாசியை யாரும் நகத்தால்கூடச் சுரண்டக் கூடாது. பாசி உரிந்தால் கல்லின் மேல்தோலும் கூடவே போகும்.

சில கற்களில் எழுத்தும் உண்டு. பழைய சிரிலிக் எழுத்தின் போஸ்னிய வடிவம் அது. பெரும்பாலும் இறந்தவரே பேசுகிறார். இங்குள்ள ஒரு கல்லில், படைத்தலைவர் ஸ்டிபானின் மகன் ராதோயே தன் பரம்பரை நிலத்தில் கிடப்பதையும், இந்த அடையாளத்தைத் தன்மேல் நிறுத்தியது தம்பியோ அண்ணனோ ஆன பேதர் என்பதையும் சொல்கிறார். புகழ்மாலை ஏதும் இல்லை. யார், யார் மகன், எந்த மண், கல்லை வைத்தது யார். அவ்வளவுதான். செதுக்கியவர்களும் தங்கள் பெயரை விட்டுப்போயிருக்கிறார்கள். ஸ்டோலாட்ஸுக்குத் தென்மேற்கே உள்ள போல்யுனியில் 15-ஆம் நூற்றாண்டில் வேலை செய்த க்ருபாச் என்பவரின் கையெழுத்து இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. இடைக்கால ஐரோப்பாவின் பெரும் கட்டடங்கள் பலவற்றில் கொத்தர்களின் பெயர் தெரியாது. ஒரு மேய்ச்சல் நாட்டு மயானத்தில் அந்தப் பெயர் நின்றிருக்கிறது.

மேய்ச்சல் நாடு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ராதிம்லியாவின் முக்கியமான கற்கள் மிலோராதோவிச் என்ற விளாக் குடும்பத்தாருடையவை. மந்தைகளோடு மலைக்கும் சமவெளிக்கும் போய்வந்து, வணிகப் பொதிகளைக் குதிரைமேல் ஏற்றி அனுப்பிப் பணம் சேர்த்த குடிகளில் ஒன்று. போஸ்னிய அரசு 1463-லும் ஹெர்சகோவினா 1482-லும் ஒட்டோமான் கைக்குப் போன பிறகும் இவர்கள் கல் நிறுத்துவதை உடனே விட்டுவிடவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம் 16-ஆம் நூற்றாண்டுவரை நீண்டது.

இந்தக் கற்கள் யாருடையவை என்ற கேள்விக்கு நீண்டகாலம் ஒரு கவர்ச்சியான பதில் இருந்தது. பொகொமில்கள் என்ற, திருச்சபையால் விலக்கப்பட்ட சமயத்தாருடையவை என்று 19-ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். 1882 முதல் போஸ்னியாவை நிர்வகித்த ஆஸ்திரிய-ஹங்கேரிய அமைச்சர் பென்யமின் கால்லாய்க்கு இந்தக் கதை வசதியாக இருந்தது. செர்பியர், குரோவாட்டியர் என்று பிரியாத தனிப் போஸ்னிய அடையாளம் ஒன்றை வளர்க்க அவர் விரும்பினார். அதற்கு ஒரு தொலைந்துபோன சமயம் தேவைப்பட்டது. ஆனால் பொகொமில்கள் சிலுவையை வெறுத்தவர்கள். கற்களிலோ சிலுவைகள் ஏராளம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் தெளிவாகவே காட்டிவிட்டார்கள்: போஸ்னியத் திருச்சபை என்ற தனிச் சபையைச் சேர்ந்தவரும், கத்தோலிக்கரும், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும் ஒரே மாதிரிக் கல்லின் அடியில்தான் படுத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ஸ்டோலாட்ஸ் ஊருக்குள் போனால் மனம் கனத்துப்போகும். 1993-ல் இங்கிருந்த போஸ்னிய முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். 1519-ல் கட்டிய மசூதி தகர்க்கப்பட்டது. போருக்குப் பின் அதை மீண்டும் எழுப்பினார்கள். போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் குரோவாட்டியப் பிள்ளைகளும் போஸ்னியப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தனித்தனிப் பள்ளிகளாகப் படித்த ஊர்களில் இதுவும் ஒன்று. மூன்று கிலோமீட்டர் தள்ளி, இறந்தவர்களுக்கு அப்படிப் பிரிவினை செய்யத் தெரிந்திருக்கவில்லை.

இதே ஊரில் 1917-ல் பிறந்தவர் கவிஞர் மாக் திஸ்தார். ராதிம்லியாவின் கற்களுக்குள் உறங்குகிறவர்களைப் பேசவைத்து 1966-ல் அவர் வெளியிட்ட 'கமேனி ஸ்பாவாச்' போஸ்னிய இலக்கியத்தின் தலைசிறந்த நூல்களில் ஒன்று. போஸ்னியாவின் பத்து மார்க் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. ஊருக்குப் போகும் வழியில் தேநீர் குடிக்கும் எவர் கைக்கும் அது வந்து சேரலாம்.

மக்களின் நினைவில் இந்தக் கற்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. போஸ்னியாவில் பல மயானங்களைக் 'கல்யாணக் கல்லறை' என்பார்கள். குறுகலான மலைப்பாதையில் இரண்டு கல்யாண ஊர்வலங்கள் எதிரெதிரே வந்தன; வழிவிட இருவரும் மறுத்தார்கள்; வாளை உருவினார்கள்; இரு தரப்பிலும் விழுந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள் என்பது கதை. ஊருக்கு ஊர் இதே கதையைச் சொல்வதால் வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கைகோத்து வரிசையாக ஆடும் ஆண்களும் பெண்களும் பல கற்களில் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்று புரிந்துவிடும்.

நாள் இருந்தால் ராதிம்லியாவோடு நிற்காதீர்கள். ப்ளிதின்யே ஏரிக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே, தூகோ போல்யே என்ற நெடுவெளியில் 150 கற்கள் இருக்கின்றன. வேட்டைக் காட்சியும் ஆடும் வரிசையும் அங்கே அழகாக அமைந்தவை. சராயேவோவில் தேசிய அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், பல ஊர்களிலிருந்து கொண்டுவந்த கற்களை வைத்திருக்கிறார்கள். பக்கமெல்லாம் கோட்டைகளும் குதிரைவீரர்களுமாகச் செதுக்கப்பட்ட ஸ்கோஷ்ச்சா ஊர்க் கல்லை அங்கே மட்டும்தான் பார்க்க முடியும். நிதி இல்லாமல் 2012-ல் மூடப்பட்ட அந்த அருங்காட்சியகத்தை, சம்பளம் இல்லாமலே ஊழியர்கள் வந்து காத்தார்கள். 2015-ல் மீண்டும் திறந்தது. நுழைவுச்சீட்டு வாங்கும்போது இதையும் நினைத்துக்கொண்டு வாங்கலாம்.

2016-ல் யுனெஸ்கோ இந்த மயானங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 28 இடங்கள்: போஸ்னியாவில் 20, செர்பியாவிலும் மாண்டெனெக்ரோவிலும் தலா 3, குரோவாட்டியாவில் 2. அதற்கு இருபது வருடங்களுக்கு முன் போரால் பிளவுபட்டுக் கிடந்த நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்த விண்ணப்பம் அது. அந்த ஒற்றுமை எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. ஆனால் நான்கு நாடுகளிலும் சேர்த்து எஞ்சியிருக்கும் கற்கள் ஏறக்குறைய 70,000. பட்டியலுக்குள் வந்தவை அவற்றில் சிறு பகுதிதான். மற்றவை காட்டிலும் வயல் வரப்பிலும் கிடக்கின்றன. புதையல் தேடிப் புரட்டியவை உண்டு, வீட்டுச் சுவருக்குப் போனவை உண்டு. ராதிம்லியாவிலேயே, 1882-ல் ஆஸ்திரிய-ஹங்கேரிய நிர்வாகம் மயானத்தின் ஊடாகச் சாலை போட்டபோது கற்கள் பல அழிந்தன. அந்தச் சாலையில்தான் இன்று நாம் வண்டியை நிறுத்தி இறங்குகிறோம். பயணிகள் வந்து கேட்கிற இடத்துக்குத்தான் காவலும் பராமரிப்பும் வருகின்றன. பட்டியலில் இல்லாத மயானங்களையும் ஊர்க்காரர்களிடம் விசாரித்துப் போய்ப் பாருங்கள்.