யானை கொன்றானும் அளவுகோலும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். நடுங்கும் உள்ளம் அளந்து பார்ப்பதில்லை; ஆதலின் பாம்புக் கதைகள் நாவுக்கு நா நீளுகின்றன. இன்று கைத்தொலைபேசிகளில் உலாவரும் 'ஐம்பது அடிப் பாம்பு'ப் படங்களும் அவ்வகையினவே. இம்மயக்கம் புதியதன்று, அதன் பழங்கதையொன்று நமது இலங்கையைப் பற்றியதாதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

1693இல் ஜோன் றே என்னும் ஆங்கில இயற்கையறிஞர் வெளியிட்ட பாம்புப் பட்டியலில், இலங்கையின் 'அனகண்டையா' எருமைகளின் உறுப்புக்களை நொறுக்குவதெனக் குறிக்கப்பட்டது. 1768இல் 'ஸ்கொட்ஸ் மகசின்' என்னும் சஞ்சிகை, அனகொண்டாவொன்று இலங்கையிற் புலியைக் கொன்றதைக் கண்ணாரக் கண்டதாக ஒருவர் எழுதியதை வெளியிட்டது. நம் காடுகளிற் சிறுத்தையுண்டு, வரிப்புலி இல்லை. கதையின் பொய்ம்மைக்கு இஃதொன்றே சாலும். பின்னர் அப்பெயர் தென்னமெரிக்கப் பாம்புக்குச் சூட்டப்பட்டது. அது 'யானை கொன்றான்' என்னும் தமிழ்த்தொடரின் திரிபென்பாரும், சாட்டைபோல் மெல்லிய பாம்பொன்றைக் குறிக்கும் 'ஹெனகந்தயா' என்னும் சிங்களச் சொல்லென்பாரும் உளர்.

உண்மை யாது? இலங்கையின் மிகப் பெரிய பாம்பு வெங்கிணாந்தி எனப்படும் மலைப்பாம்பு. வளர்ந்தது பெரும்பாலும் 10 அடியளவினது. 15 அடியை எட்டுவது மிக அரிது. நஞ்சற்ற அது இரையைச் சுற்றி இறுக்கியே கொல்லும். யானையைக் கொல்லுதல் அதற்கு இயலாது. பிற நாடுகளிலும், 30 அடிப் பாம்பை உயிருடன் கொணர்வார்க்கென நியூயோர்க் விலங்கியற் கழகத்தார் தொடக்கிய பரிசு, 50,000 டொலராக உயர்ந்தும், பெறுவாரின்றி 2002இற் கைவிடப்பட்டது.

பேரரவம் என்றுமே இருந்ததில்லை எனவும் கூறற்க. இந்தியாவின் கச்சுப் பகுதிச் சுரங்கமொன்றிற் கிடைத்த முள்ளென்புகளைக் கொண்டு, 2024இல் 'வாசுகி' எனப் பெயரிடப்பட்ட பாம்பு 36 முதல் 49 அடி வரை நீண்டிருக்கலாமென ஆய்வாளர் கணித்தனர். ஆனால் அது வாழ்ந்தது ஏறக்குறைய 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பாகும்.

மிகை பிறக்கும் வழிகள் சில. உரித்தெடுத்த தோல் இழுபட்டு நீளும். பாம்பை ஒளிப்படக்கருவிக்கு அண்மையில் நீட்டிப் பிடித்து, மனிதர் பின்னே நின்றால், சிறிய பாம்பும் பெரிதாகத் தோன்றும். அஞ்சியவர் கண்மதிப்போ சொல்லவேண்டியதில்லை.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. நீளத்துக்கு அஞ்சுவோர் நஞ்சை மறக்கின்றனர். குடாநாட்டின் வறண்ட மணற்பாங்கில் வாழும் சுருட்டை விரியன் 1 அடியளவினதே. அதன் நஞ்சோ குருதி உறையுந் தன்மையைக் கெடுக்கவல்லது. அதனைச் சிறிதென அசட்டை செய்து வைத்தியசாலை செல்லத் தாமதிப்போர் உளர். எலிகளை உண்டு நமக்கு உதவும் வெங்கிணாந்தியைப் பெரிதெனக் கண்டு அடித்துக் கொல்வோரும் உளர்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் அளவுகோல் பிடிக்கப் பயின்ற நாம், வியப்பான செய்தி வந்துழி, 'அளந்தவர் யார்? எங்கே? எவ்வாறு?' என மூன்று வினாக்களை எழுப்புவோமாக. விடை கிடைக்கும்வரை அதனைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலே கற்றார்க்கு அழகாகும்.