ஊர்ல இல்லையா? உங்க தபாலை யார் வாங்குவாங்க?

கதவுல பூட்டு. தபால்காரர் வந்து மணி அடிச்சுப் பார்த்துட்டுப் போயிடறார். நீங்களோ திருப்பூர்லயோ, சிங்கப்பூர்லயோ வேலையில இருக்கீங்க. அன்னிக்குப் பார்த்து வந்தது உங்க பாஸ்போர்ட்டா இருந்தா?

விராலிமலைப் பக்கம் இருக்கிற ஆவூர், பெரியநாயகி மாதா கோயிலால் பெயர் பெற்ற ஊர். 1700 வாக்கில் இங்கே தங்கியிருந்த பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார்கள் எழுதிய கடிதங்கள் கப்பலேறிப் போய் பாரிஸில் அச்சாயின. மாசக்கணக்கில் பயணம் செய்த கடிதம்கூட உரியவர் கையில் சேர்ந்தது. இன்னிக்கு நம்ம தபால் சில நாள்ல ஊருக்கு வந்துடுது. ஆனா வாங்க ஆள் இல்லாம திரும்பிப் போகுது.

எத்தனை நாள் காத்திருக்கும்?

ஸ்பீடு போஸ்ட் வரும்போது வீடு பூட்டியிருந்தால், தபால்காரர் தகவல் சீட்டு வெச்சுட்டுப் போவார். தபால் பொதுவாக ஏழு நாள் போஸ்ட் ஆபீஸில் இருக்கும். அதுக்குள்ள அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கலாம். தவறினால், அனுப்பியவருக்கே போய்விடும்.

2025-ல் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைஞ்சிடுச்சு. அதனால் முக்கியமான கடிதம் எல்லாம் இப்போ இந்த வழியில்தான் வரும். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் டிரைவிங் லைசென்ஸும் ஆர்.சி. புக்கும் தபாலில்தான் வருது. டெலிவரி ஆகலைன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே திரும்பிடும். பாஸ்போர்ட்டும் அப்படித்தான், பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போயிடும்.

என்ன செய்யணும்?

ஒரு வெள்ளைத்தாள் போதும். உங்க ஊர் போஸ்ட்மாஸ்டருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுங்க:

"ஐயா, நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வெளியூரில் இருப்பதால், என் பெயருக்கு வரும் தபால்களை அஞ்சலகத்திலேயே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

முழுப் பெயர், விலாசம், மொபைல் நம்பர், கையெழுத்து, அடையாள அட்டை நகல். அவ்வளவுதான். எவ்வளவு நாள் வரை வைத்திருப்பாங்கன்னு அப்பவே கேட்டுக்கோங்க. இன்னொரு நகலில் தேதி முத்திரை வாங்கி வெச்சுக்கோங்க.

கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். நேரத்தை விசாரிச்சுட்டுப் போங்க.

ரொம்ப நாள் ஆகுமா?

மாசக்கணக்கில் வெளியூர்னா, நிறுத்தி வைக்கச் சொல்றதைவிட புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கிறது நல்லது. இல்லைன்னா, அம்மாவோ சித்தப்பாவோ வாங்கிக்கலாம்னு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். ஆனா பாஸ்போர்ட்டுக்கு இந்த வழி வேண்டாம். அதை உரியவர்கிட்டதான் கொடுப்பாங்க. பயணத் தேதியைப் பார்த்து விண்ணப்பிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

நிலையான விலாசமே இல்லாம ஊர் ஊரா சுத்துறவங்களுக்கு 'போஸ்ட் ரெஸ்டான்ட்' வசதி இருக்கு. உங்க பெயருக்குக் கீழே அந்த வார்த்தையையும், போஸ்ட் ஆபீஸ் பெயரையும், பின்கோடையும் எழுதச் சொன்னால், நீங்களே நேரில் போய் வாங்கிக்கலாம். புனைபெயர், வெறும் இனிஷியல் எல்லாம் செல்லாது.

வாங்காம விட்டா தப்பிச்சிடலாமா?

முடியாது! 1897-ம் வருஷத்துப் பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் அது கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு. செக் பவுன்ஸ் நோட்டீஸுக்கும் இது பொருந்தும்னு 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அந்த நோட்டீஸ் கிடைச்சா பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். அதனால் தபாலை நிறுத்தி வெச்சாலும், என்ன வந்திருக்குன்னு யாரையாவது வாரம் ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்க.

டிராக்கிங் நம்பர் இருந்தால் இந்தியா போஸ்ட் இணையதளத்தில் பார்க்கலாம். சந்தேகம்னா 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம்.

பஸ்ஸுக்கும் ஃபிளைட்டுக்கும் டிக்கெட் போடறப்பவே, இந்த ஒரு கடிதத்தையும் எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க!