உணவை மறுக்கும் ஆக்சலாட்டல்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்

வாயில்லாச் சீவன்கள் தம் துன்பத்தை நமக்கு உணர்த்தும் வழிகள் சிலவே. அவற்றுள் முதன்மையானது உணவை மறுத்தல். நாய் சோற்றை முகர்ந்துவிட்டு விலகும். பசு கழுநீரைத் தொடாமல் நிற்கும். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் ஆக்சலாட்டல் என்னும் விலங்கும் இவ்வாறே செய்கிறது. நம் நாட்டு வண்ணமீன் கடைகளிலும் இப்போது விற்கப்படும் இவ்வுயிர் உணவை மறுத்தால் வளர்ப்போர் செய்யத்தக்கது யாது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்க முயல்கிறேன்.

பிறப்பிடமும் இயல்பும்

ஆக்சலாட்டலை ‘நடக்கும் மீன்’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது மீன் அன்று. தவளையைப் போல இருவாழ்விகள் வகுப்பைச் சேர்ந்த ஒரு சாலமாண்டர். அம்பிஸ்டோமா மெக்சிகானம் என்பது அதன் அறிவியல் பெயர். மெக்சிகோ நகரை ஒட்டிய சொச்சிமில்கோ, சால்கோ ஏரிகளே அதன் தாயகம்.

தலைப்பிரட்டை செவுள்களை இழந்து தவளையாகிக் கரையேறுவதை நாம் பாடத்தில் படிக்கிறோம். ஆக்சலாட்டலிடம் இம்மாற்றம் இயல்பாக நிகழ்வதில்லை. தலையின் இருபுறமும் இறகுபோல் விரியும் மூன்று இணைச் செவுள்களுடன், இளரி உருவத்திலேயே அது முதிர்ந்து இனப்பெருக்கமும் செய்கிறது. ஆகவே அதன் வாழ்நாள் முழுவதும் நீருக்குள்ளேயே கழிகிறது. நீர் கெட்டால் தப்பிச் செல்ல அதற்குக் கரை இல்லை. உணவு மறுப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே அடிப்படை.

மறுப்பா, நிறைவா?

வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை உணவு போதும். நாள்தோறும் ஊட்டுவோர், வயிறு நிறைந்த விலங்கு வாய் திறவாததைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. புதிய தொட்டிக்கு மாறியதும் அது சில நாட்கள் உண்ணாமலிருக்கலாம். ஆனால் அன்றாடம் உண்ண வேண்டிய குஞ்சுகள் உணவை மறுத்தால் காலம் தாழ்த்தலாகாது. வளர்ந்ததும் தொடர்ந்து ஒரு வாரம் உண்ணாவிட்டால் காரணம் தேடியே ஆகவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிக்கே செல்லாத என் தாயார், மாடு தீனி எடுக்காத நாளில் மேலும் வைக்கோலை அள்ளிப் போடுவதில்லை. மூக்கில் ஈரம் இருக்கிறதா, அசை போடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது, தொட்டித் தண்ணீர் நாறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்படும் முறையும் இதுவே. ஆக்சலாட்டலுக்கும் இதே வரிசையில் நான்கு கேள்விகள் உள்ளன.

முதற் கேள்வி: நீரின் வெப்பம் எவ்வளவு?

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்தக் குளிர்ந்த நீருக்குப் பழகிய விலங்குக்கு 16 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு மிகவும் ஏற்றது. 24ஐத் தாண்டினால் அது நலிவடையும். நம் வீட்டுத் தொட்டி நீர் கோடையில் 30 டிகிரியை எளிதில் எட்டுகிறது. நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 17 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.7 மில்லிகிராம் கரையக்கூடிய ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அதே வேளையில் குளிர்இரத்தப் பிராணியின் உடல் வேகமாக இயங்கி மிகுதியான ஆக்சிஜனைக் கேட்கிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் அது.

இரண்டாம் கேள்வி: நீர் தூய்மையானதா?

கண்ணுக்குத் தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் ஆகாது. விலங்கின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இருத்தல் கூடாது. வெப்பம் ஏற ஏற அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் ஏறுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாம் கேள்வி: கொடுக்கும் உணவு எது?

ஆக்சலாட்டல் மென்று தின்பதில்லை. வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சி விழுங்குகிறது. மண்புழுவே அதற்குச் சிறந்த உணவு. ஆனால் மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கப்படும் சிவப்புப் புழு தொல்லை தரும்போது கசப்பான நீரைச் சுரக்கும். பல ஆக்சலாட்டல்கள் அதைக் கவ்வியதும் துப்பிவிடுகின்றன. பூச்சிமருந்து தெளிக்காத தோட்டத்து மண்ணில் எடுத்த புழுவைக் கழுவி, பெரிதானால் நறுக்கிக் கொடுக்கலாம். இதற்கு இமைகள் இல்லாததால் கடும் வெளிச்சம் ஆகாது; விளக்கை அணைத்து மாலையில் ஊட்டுதல் நன்று.

நான்காம் கேள்வி: வயிற்றில் கல் உள்ளதா?

உறிஞ்சும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் உள்ளே போகும், குடல் அடைபடும். வயிறு உப்பிக் கழிவும் வெளிவராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொட்டியின் அடித்தளத்தை வெறுமையாக விடுவது பாதுகாப்பானது.

கண்டறிந்த ஒரு நிகழ்ச்சி

கோடை விடுமுறையில் எங்கள் ஊர் வண்ணமீன் கடை ஒன்றில் மாலை வேளைகளில் வேலை செய்தேன். ஒருவர் தம் ஆக்சலாட்டலை வாளியில் கொண்டுவந்தார். ஒன்பது நாட்களாக உண்ணவில்லை. இடுக்கியால் இறால் துண்டை வாய்க்குள் திணித்துப் பார்த்தும் பயனில்லை என்றார். செவுள் இழைகள் மெலிந்திருந்தன. வால் நுனி சுருண்டிருந்தது. தொட்டி நீரை ஒரு பாட்டிலில் எடுத்துவரச் சொன்னேன். வீட்டுத் தொட்டியின் வெப்பம் 29 டிகிரி என்று தெரிந்தது. சோதனையில் அம்மோனியாவும் தென்பட்டது. இரண்டு வாரங்களுக்கு முன் வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவியதாக அவர் சொன்னதும் காரணம் விளங்கிவிட்டது. குழாய் நீரின் குளோரின் நுண்ணுயிர்களை அழித்திருந்தது.

விலங்கைத் தனியே ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினோம். குளோரின் நீக்கிய நீரை, அதே வெப்பத்தில், நாள்தோறும் முழுவதுமாக மாற்றினோம். உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்களை மூடியபடியே மிதக்கவிட்டு, திடீர் மாற்றம் நேராமல் மூன்று நாட்களில் 19 டிகிரிக்கு இறக்கினோம். மேலே ஒரு மின்விசிறியும் ஓடியது. அதுவரை உணவு எதையும் வற்புறுத்தவில்லை. ஆறாம் நாள் மாலை ஒரு சிறு மண்புழுவை அதன் முகத்தருகே அசைத்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் புழுவைக் காணோம். பட்டப்படிப்பு எதற்குப் பயன்படும் என்று ஊரில் கேட்போருக்கு அன்று என்னிடம் ஒரு விடை இருந்தது.

முடிவாக

உணவு மறுப்பைத் தனியொரு நோயாகக் கருதி வாயைப் பிளந்து ஊட்டுவது துன்பத்தின் மேல் துன்பம். வெப்பமானியைப் பாருங்கள், நீரைச் சோதியுங்கள், பிறகு உணவை மாற்றிப் பாருங்கள். உடல் மெலிவோ, புண்ணோ, தோலில் பஞ்சுபோன்ற பூஞ்சையோ தெரிந்தால் மருத்துவரை நாடுங்கள்.

வாங்குமுன் எண்ண வேண்டியது மற்றொன்றும் உண்டு. சொச்சிமில்கோவில் 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்ததாகக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், 2014இல் சுமார் 36 மட்டுமே இருந்ததாக மதிப்பிட்டனர். மெக்சிகோ மத்திய வங்கி 2021இல் வெளியிட்ட 50 பெசோ நோட்டில் அதன் உருவம் இடம்பெற்றது; தாயக நீரிலோ அதற்கு இடம் சுருங்கிவிட்டது. ஆண்டு முழுவதும் தொட்டி நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வசதியில்லாதோர் இவ்விலங்கை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் உதவியாகும். வாங்கியவர்களோ, அது வாய் திறவாமல் சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.