மூன்று சில்லு மோட்டார் சைக்கிளும் எமது முதுகும்: பின் சஸ்பென்சனின் காற்றமுக்கத்தைச் சரிசெய்தல்



ஒன்ராறியோவில் பனி கரைந்து வீதிகள் தெளியத் தொடங்கியதும், குளிர்காலம் முழுவதும் கராஜில் மூடிக்கிடந்த மோட்டார் சைக்கிள்கள் வெளியே வருகின்றன. அவற்றுள் மூன்று சில்லு கொண்ட வண்டிகளையும் இப்போது அடிக்கடி காண்கிறோம். முழங்கால் தேய்வு, இடுப்பு மூட்டு வலி என்பவற்றால் இரண்டு சில்லு வண்டியைக் காலூன்றித் தாங்க முடியாதவர்கள் பலர் இதை விரும்பி வாங்குகிறார்கள். நிறுத்தும்போது சரிந்து விழாது, பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லவும் வசதி. ஓய்வு பெற்ற தம்பதியர் நீண்ட தூரம் போய் வரவும் ஏற்றது.

ஆனால் மூன்று சில்லு என்பதால் முதுகுக்கும் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. விழாமல் நிற்பது வேறு, குலுக்காமல் ஓடுவது வேறு. குலுக்கலைக் குறைப்பது பின்புற சஸ்பென்சனின் வேலை. காற்றால் இயங்கும் சஸ்பென்சன் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால், அதில் உள்ள காற்று அன்று வண்டியில் ஏறும் எடைக்குப் பொருந்த வேண்டும். இவ்விதழின் நலவாழ்வுப் பகுதியில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

எந்த வண்டி, எத்தகைய சஸ்பென்சன்?

மூன்று சில்லு வண்டிகள் இரண்டு வகைப்படும். முதல் வகைக்குப் பின்னால் இரண்டு சில்லுகள். ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 2009 மாதிரி ஆண்டில் அறிமுகப்படுத்திய ட்ரை கிளைட் இந்த வகை. இரண்டாம் வகைக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த பி.ஆர்.பி. நிறுவனம் 2007 இல் வெளியிட்ட கான்-ஆம் ஸ்பைடர் இந்த வகை.

நீண்ட பயணத்துக்கென்று செய்யப்பட்ட மாதிரிகள் பலவற்றில் பின்புற ஷொக் அப்சோபருடன் காற்றும் சேர்ந்து வேலை செய்கிறது. சிலவற்றில் நாமே கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். சிலவற்றில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். இன்னும் சிலவற்றில் வண்டியே எடையை உணர்ந்து காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை அதன் கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று இல்லாமல் சுருள்வில் மட்டும் உள்ள வண்டியாயின், அதை இறுக்கித் தளர்த்தும் திருகு இருக்கும். கீழே சொல்லும் அடிப்படை அதற்கும் பொருந்தும்.

முதுகுக்கு என்ன நடக்கிறது?

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். சரியான நேரத்தில் மெல்லத் தள்ளினாலும் அது பெரிதாக ஆடும். எமது உடலும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும் மனிதரின் முள்ளந்தண்டு, மேலும் கீழுமான அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 தடவை வரும்போது மிக அதிகமாக ஒத்தாடுகிறது. அந்த வீச்சில் வரும் சிறு குலுக்கலும் இடுப்புப் பகுதியில் பெரிதாகிறது. முள்ளென்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் இடைத்தட்டுகளும், அவற்றைத் தாங்கும் தசைகளும் அதனால் களைத்துப்போகின்றன.

வேலைத்தளத்தில் வாகனம் ஓட்டுவோரைப் பாதுகாக்க ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதன்படி 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட உடல் அதிர்வு 0.5 மீட்டர்/விநாடி² அளவைத் தாண்டினால் வேலை கொடுப்பவர் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 1.15 அளவைத் தாண்டவே கூடாது. பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் ஓட்டுபவரின் முதுகுக்கு அது வேலையா விடுமுறையா என்று தெரியாது.

காற்று குறைந்தால்

ஏற்றிய எடைக்குப் போதிய காற்று இல்லையென்றால் வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிடும். ஷொக் அப்சோபர் ஏற்கெனவே பாதிக்கு மேல் அமுங்கியிருக்கும். அடுத்து ஒரு குழி வந்தால் அமுங்குவதற்கு இடமில்லை, அது அடி தட்டும். அந்த அடி இருக்கை வழியாக நேரே முள்ளந்தண்டுக்கு ஏறும். பின்னால் இருப்பவர் பின் அச்சுக்கு மிக அருகில் இருப்பதால் அடியின் பெரும் பங்கு அவருக்குத்தான்.

ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு எலும்பு நலிவு நோய் இருக்கும் வாய்ப்பு அதிகம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. நலிந்த முள்ளென்பு ஒரே ஒரு பலத்த அடியிலும் நசிந்து முறியலாம். பஸ்ஸின் பின் இருக்கையில் இருந்தவர்கள் வேகத்தடையில் தூக்கிப் போடப்பட்டு இவ்வாறு முறிவுக்கு உள்ளானதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. ஆகவே ஓட்டுபவருக்கு “கொஞ்சம் தட்டுது” என்று தோன்றுவது, பின்னால் இருக்கும் மனைவிக்கோ தாயாருக்கோ பெரிய காயமாக முடியலாம்.

வேறு ஆபத்துகளும் உண்டு. பின்புறம் தாழும்போது முன்புறம் உயர்கிறது. முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். முன் சில்லில் எடை குறைவதால் கைபிடியின் கட்டுப்பாடும் தளரும்.

காற்று கூடினால்

“அப்படியென்றால் நிறையக் காற்றடித்துவிட்டால் நல்லதுதானே?” என்று கேட்கலாம். நல்லதல்ல. காற்று கூடக்கூட சஸ்பென்சன் விறைத்துப்போகும். அது ஆடும் வேகமும் கூடி, முள்ளந்தண்டுக்கு ஒவ்வாத அந்த வீச்சை நெருங்கும். வீதியின் ஒவ்வொரு வெடிப்பும் இடுப்பில் தெரியும். சில்லு துள்ளி வீதியை விட்டு எழும்புவதால் பிரேக்கின் பிடியும் குறையும்.

பின்னால் இரண்டு சில்லு உள்ள வண்டியில் இன்னுமொரு சங்கடம் இருக்கிறது. ஒரு சில்லு மட்டும் மேட்டில் ஏறும்போது வண்டி பக்கவாட்டில் வெட்டி அசையும். இரண்டு சில்லு வண்டிபோல் இது சரிந்து கொடுக்காது. அந்த அசைவை எமது இடுப்பும் கழுத்துமே தாங்க வேண்டும். சஸ்பென்சன் விறைத்திருந்தால் இந்த வெட்டு இன்னும் பலமாக இருக்கும்.

சனிக்கிழமை இருவராகப் பெட்டி நிறையப் பொருட்களுடன் போய்வந்து, திங்கட்கிழமை காற்றைக் குறைக்காமல் தனியே ஓட்டிச் செல்வதால் வரும் முதுகு நோ இந்த வகையைச் சேர்ந்தது.

முதலில் எடை, பிறகு காற்று

கையேட்டில் எடைக்கு ஏற்ற காற்றமுக்க அட்டவணை ஒன்று இருக்கும். அதைப் பார்க்குமுன் எடையை உண்மையாகக் கூட்டிக்கொள்ளுங்கள். உதாரணமாக:

ஓட்டுபவர் 80 கிலோ
பின்னால் இருப்பவர் 62 கிலோ
இருவரின் தலைக்கவசம், தோல் மேற்சட்டை, சப்பாத்து 10 கிலோ
பெட்டியில் உள்ள பொருட்கள் 18 கிலோ
மொத்தம் 170 கிலோ, அதாவது ஏறத்தாழ 375 இறாத்தல்

வட அமெரிக்காவில் விற்கும் வண்டிகளின் கையேடுகளில் எடை இறாத்தலிலும் காற்றமுக்கம் பி.எஸ்.ஐ. அளவிலும் இருப்பது வழக்கம். கிலோவை 2.2 ஆல் பெருக்கினால் இறாத்தல் வரும். வண்டி தாங்கக்கூடிய உச்ச எடையும் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் எவ்வளவு காற்றடித்தும் பயனில்லை.

மாதிரிக்கு மாதிரி அட்டவணை மாறும் என்பதால் இங்கே ஒரே எண்ணைத் தரவில்லை. நண்பரின் வண்டிக்குரிய எண்ணையும் பயன்படுத்த வேண்டாம்.

சரிசெய்யும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நிறுத்த பிரேக்கைப் போட்டு, இயந்திரமும் ஷொக் அப்சோபரும் ஆறும்வரை விடுங்கள். ஓடி வந்த சூட்டில் காற்று விரிந்து அமுக்கத்தைக் கூட்டிக் காட்டும்.

2. காற்று வால்வைக் கண்டுபிடியுங்கள். சிலவற்றில் அது இருக்கைக்குக் கீழே, சிலவற்றில் பக்கப் பெட்டிக்கு அருகே இருக்கும். அது ரயர் வால்வைப் போலவே தோன்றும். ஆனால் ரயருக்குரிய அளவு வேறு, இதற்குரிய அளவு வேறு. இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

3. பெற்றோல் நிலையக் காற்றுக் குழாயை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஷொக் அப்சோபரில் காற்றுக்கு உள்ள இடம் மிகச் சிறியது. அந்தக் குழாய் கண் இமைக்கும் நேரத்தில் உச்ச அளவைத் தாண்டி அடித்து உள்ளே உள்ள சீலைக் கெடுத்துவிடும். ஷொக் அப்சோபருக்கென்றே அமுக்கமானியுடன் விற்கும் சிறிய கைப்பம்பை வாங்குங்கள்.

4. பம்பைப் பொருத்தியதும் காற்றில் கொஞ்சம் பம்பின் குழாய்க்குள் போவதால் அமுக்கமானி குறைத்துக் காட்டும். காற்று ஒழுகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மெல்ல மெல்ல அடித்து அட்டவணை அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

5. காற்றைக் குறைக்கும்போது மிக மெதுவாக விடுங்கள், வால்வைச் சுற்றி ஒரு துணியைப் பிடியுங்கள். காற்றுடன் எண்ணெய்த் துளிகளும் வரக்கூடும். அவை ரயரிலோ பிரேக்கிலோ பட்டால் வண்டி நிற்காமல் போகும் அபாயம் உண்டு.

6. வால்வு மூடியைத் திருப்பி இறுக்குங்கள். இருவரும் முழு உடையுடன் ஏறி இருக்க, மூன்றாமவர் ஒருவர் பின் மட்கார்டின் உயரத்தை அளக்கட்டும். ஆளில்லாதபோது அளந்த உயரத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஷொக் அப்சோபரின் முழு அசைவில் நான்கில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவு, ஆட்கள் ஏறியதும் தாழ்ந்திருப்பது பொதுவாக நல்ல நிலை. இதைச் சரியாக அளக்கப் பின்புறத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். ட்ரை கிளைட் போன்றவை 500 கிலோவுக்கு மேற்பட்டவை. ஆகவே வீட்டில் தூக்க முயலாமல், முதன்முறை ஒரு திருத்துநரிடம் செய்வித்துக்கொள்வது நல்லது.

7. அளவுகளை ஒரு சிறு அட்டையில் குறித்து வையுங்கள். “தனியே இவ்வளவு, இருவராக இவ்வளவு, இருவரும் பொருட்களும் இவ்வளவு” என்று மூன்று வரி போதும்.

சில ஷொக் அப்சோபர்களைக் காற்றே இல்லாமல் ஓட்டக்கூடாது. குறைந்தபட்ச அளவு கையேட்டில் இருந்தால் அதற்குக் கீழே விடாதீர்கள்.

குளிரும் காற்றமுக்கமும்

கனடாவில் வாழும் நாம் மறக்கக்கூடாத ஒன்று இது. குளிரில் காற்று சுருங்கும். 20 பாகை செல்சியஸில் 30 பி.எஸ்.ஐ. காட்டிய அமுக்கம், ஒரு துளி காற்றும் வெளியேறாமலே 0 பாகையில் சுமார் 27 ஆகிவிடும். இலையுதிர் காலத்தில் அடித்த காற்றை நம்பி வசந்த காலத்தில் புறப்பட வேண்டாம். அத்துடன் பனி உருகிய வீதிகளில் குழிகளும் அப்போதுதான் அதிகம். பருவத்தின் முதல் ஓட்டத்துக்கு முன்பும், அதன்பின் எடை மாறும் ஒவ்வொரு முறையும் அமுக்கத்தைப் பாருங்கள். சில நாட்களிலேயே அமுக்கம் நன்றாக விழுந்துவிட்டால் ஒழுக்கு இருக்கிறது என்று பொருள். அதைத் திருத்திய பின்பே நீண்ட பயணம் போகலாம்.

யார் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்?

எலும்பு நலிவு நோய் உள்ளவர்கள், இடைத்தட்டு விலகியவர்கள், அண்மையில் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் காற்றமுக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் குடும்ப வைத்தியரின் ஆலோசனையின்றி ஏறக்கூடாது.

மற்றவர்களும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கிச் சற்று நடவுங்கள். பின்னால் இருப்பவருக்கு வீதியில் வரும் குழி தெரியாது. முன்கூட்டியே சொல்ல ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த உடனே பாரமான பெட்டியைக் குனிந்து தூக்க வேண்டாம். நெடுநேரம் அதிர்ந்த முதுகு களைத்திருக்கும், ஐந்து பத்து நிமிடம் நடந்த பின் தூக்கலாம்.

பலத்த அடிக்குப் பின் நடு முதுகில் திடீரென்று கடும் வலி வந்து நிற்கவோ நடக்கவோ கடினமாக இருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கால்கள் பலமிழந்தாலோ, தொடைகளின் உட்புறமும் மலவாசலைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் அல்லது அடக்க முடியாமல் போனாலோ அது அவசர நிலை. காலையில் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே 911 ஐ அழையுங்கள். நரம்புகள் நசிந்திருந்தால் மணித்தியாலங்கள் தாமதிப்பதும் நிரந்தரப் பாதிப்பைத் தரலாம்.

புறப்படுமுன் ரயரையும் பிரேக்கையும் பார்ப்பது எமக்குப் பழக்கம். அத்துடன் “இன்று வண்டியில் எவ்வளவு எடை?” என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். அதற்கேற்பக் காற்றைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். பின்னால் இருப்பவரிடம் “முதுகு எப்படி இருக்கிறது?” என்று முதல் நிறுத்தத்தில் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் கணக்கில் எடுங்கள். அமுக்கமானி காட்டாததை அவர் முதுகு காட்டும்.