சமமாக நின்றவர்களின் ஒற்றுமை: பேராயர் அசரியா

நூறு ஆண்டுகளுக்கு முன் தென் தமிழகத்தில் ஒரு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவரின் சபை எது என்பதைப் பெரும்பாலும் ஊரை வைத்தே சொல்லிவிடலாம். திருநெல்வேலி என்றால் ஆங்கிலிக்கன், மதுரை என்றால் அமெரிக்க மிஷன், நாகர்கோவில் என்றால் லண்டன் மிஷன். மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் வட்டாரங்களைப் பங்கிட்டுக்கொண்டதன் விளைவு அது. பிரிவினைக்குக் காரணமான சண்டைகளோ, பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய மண்ணில் நடந்தவை. ஆனால் பிழைப்புக்காக மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்த ஒரு கிறிஸ்தவரை நினைத்துப் பாருங்கள்: பேராயர் கையால் திடப்படுத்தல் பெறாதவர் என்ற காரணத்தால், புதிய ஊரின் ஆங்கிலிக்கன் கோயிலில் திருவிருந்தில் பங்கேற்கவே விதி அவருக்குக் குறுக்கே நின்றது. இந்தத் தடையை நீக்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். வெளிநாட்டுப் பணத்தை நம்பாத இந்திய மிஷனெரிச் சங்கத்தை 1903இல் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் ஒருவர். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், 35 வயதில், மேல்நாட்டு மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். அவர்களின் தியாகத்துக்கு நன்றி சொன்ன அதே வாயால், இந்தியர்களைக் கீழே வைத்து ஆதரிப்பது போதாது, நண்பர்களாக நடத்துங்கள் என்று கேட்டார். பலருக்கு அது சுட்டது. 1912இல் அவர் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். எடின்பரோவில் இனங்களுக்கிடையே அவர் கேட்ட சமத்துவமே, பிறகு சபைகளுக்கிடையே அவர் தேடிய ஒற்றுமைக்கும் அடித்தளம் என்பது என் கருத்து.

அதற்குச் சான்று 1919. அந்த ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் சபையையும், அமெரிக்க மிஷன், லண்டன் மிஷன் சபைகள் இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையையும் சேர்ந்த 33 பேர், அசரியா உட்பட, கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். இணைவோம் என்று அறிக்கை விட்டார்கள். எளிதாகத் தோன்றிய அந்த முடிவு நிறைவேற 28 ஆண்டுகள் பிடித்தன. முக்கிய முட்டுக்கட்டை இதுதான்: பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர் முழுமையான குருவா? அல்ல என்றால், மற்றச் சபைப் போதகர்கள் இத்தனை காலம் கொடுத்த திருவிருந்தே கேள்விக்குள்ளாகும். ஆம் என்றால், பேராயர் பதவிக்கு ஆங்கிலிக்கர்கள் தந்த மதிப்பு குறையும். பேச்சுவார்த்தையில் கண்ட வழி நேர்மையானது. இருக்கும் போதகர்கள் எல்லோரும் மறு அபிஷேகமின்றி அப்படியே ஏற்கப்படுவார்கள். இனி வருபவர்களைப் பேராயர்களே அபிஷேகம் செய்வார்கள். சபையாரின் மனச்சாட்சி ஒப்பாத போதகரை அவர்கள்மீது திணிப்பதில்லை. யாரும் தம் கடந்த காலத்தைப் பொய்யென்று ஒப்புக்கொண்டு உள்ளே வரவேண்டியதில்லை.

இது கொள்கை வேறுபாட்டை மூடி மறைக்கும் ஏற்பாடு என்று எதிர்த்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இத்திட்டத்தைக் கண்டித்துத் தனிப் பிரசுரமே எழுதினார். அவர்களின் கவலையில் நியாயம் உண்டு: அர்த்தம் வேறுபட்டிருக்கும்போது ஒரே சொல்லில் கையெழுத்திடுவது ஆபத்துதான். ஆனால் இங்கே வேறுபாடு மறைக்கப்படவில்லை. பெயர் சொல்லி, விதி எழுதி, ஒரு தலைமுறைக்குள் தீரும்படி காலத்தின் பொறுப்பில் விடப்பட்டது. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. லுத்தரன்களும் பாப்திஸ்துகளும் வெளியே நின்றார்கள். இணைந்த சபையிலும் சாதிப் பூசலும் சொத்து வழக்குகளும் ஓயவில்லை. உண்மை. சாதி வேற்றுமை சபைக்குள் நுழையக்கூடாது என்று தோர்ணக்கல்லில் ஓயாமல் வலியுறுத்திய அசரியாவுக்கு, சபைகளின் இணைப்பு மட்டும் சாதியை ஒழிக்காது என்பது தெரிந்தே இருந்திருக்கும். ஆயினும் ஒரு நோய் தீரவில்லை என்பதற்காக இன்னொரு நோய்க்கான மருந்தைப் பயனற்றது என்று தள்ள முடியாது.

1945 ஜனவரி 1 அன்று அசரியா காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், ஐக்கிய சபையாரும், பின்னர் பேச்சுவார்த்தையில் சேர்ந்த மெதடிஸ்டு சபையாரும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர்களை உடைய சபையும் பேராயர்களே இல்லாத சபைகளும் இப்படி இணைந்தது உலகத் திருச்சபை வரலாற்றில் புதிய அத்தியாயம். பெரியவர் சிறியவரைச் சேர்த்துக்கொள்வதற்கு ஒற்றுமை என்று பெயரில்லை. இரு தரப்பும் நிமிர்ந்து நின்று, தங்கள் வேறுபாட்டை மேசைமேல் வைத்து, தீரும்வரை எழுந்து போகாமல் பேசவேண்டும். மதம் ஆனாலும் மொழி ஆனாலும் அரசியல் ஆனாலும், இணைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அசரியாவிடம் கற்க வேண்டிய பாடம் இதுதான்.